பற்சொத்தைக் கிருமிகளுக்கு எதிரான மூலிகைக் குடிநீர்: தயாரிப்பும் பயன்பாடும்

கடுக்காய், கருவேலம்பட்டை, வேம்பு, கொய்யா இலை, கிராம்பு ஆகியவற்றின் சாறுகள் பற்சொத்தையை உண்டாக்கும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் பலமுறை காணப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி வீடு வந்து சேரும்போது மட்டும், எந்தப் பகுதியை எடுப்பது, எவ்வளவு நீரில் காய்ச்சுவது, நாளின் எந்த வேளையில் கொப்பளிப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விவரங்கள் உதிர்ந்துபோய், "கடுக்காய் பல்லுக்கு நல்லது" என்ற ஒற்றை வரி மட்டும் எஞ்சுகிறது. விட்டுப்போன அந்த விவரங்களையே இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் வாசகர் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: மூலிகைக் குடிநீரை (குடிப்பதற்கன்று, வாய் கொப்பளிப்பதற்கான கஷாயம்) ஃப்ளோரைடு பற்பசையால் பல் துலக்குவதோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், துலக்குவதை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பினால் பல் கெடும்.

பல் எப்படிச் சொத்தையாகிறது

வாயில் பல நூறு வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சொத்தையோடு நெருங்கிய தொடர்புடையதாக அறியப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ஆம் ஆண்டில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து இதற்குப் பெயரிட்டார். இந்தக் கிருமி சர்க்கரையை இரண்டு வகையில் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு பகுதியை உணவாக்கி லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது; மற்றொரு பகுதியைத் தன் நொதிகளால் குளுக்கான் என்னும் பசையாக மாற்றி, அந்தப் பசையைக் கொண்டு பல்லின் மேல் தன்னையும் தன்னோடு சேர்ந்த பிற கிருமிகளையும் ஒட்டவைத்துக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழுவழுப்பாக உணர்கிறோமே, அந்தப் படலம் இப்படி உருவானதுதான்.

படலத்துக்குள் அமிலம் சேர்ந்து பிஹெச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. இனிப்பு உண்ட சில நிமிடங்களிலேயே இந்த இறக்கம் நிகழ்ந்துவிடும். உமிழ்நீர் அமிலத்தை நீர்க்கச் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவே ஒரே வேளையில் இரண்டு லட்டு உண்பவரைவிட, சர்க்கரை போட்ட தேநீரைக் காலை முதல் மாலை வரை சிறிது சிறிதாக அருந்துபவரின் பற்களே அதிக நேரம் அமிலத்தில் ஊறுகின்றன. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இந்தக் கணக்கில் சர்க்கரையே. அவை உடலுக்கு நல்லவை என்று நம்பிக் கசப்பான கஷாயத்தில் கலந்து கொப்பளிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கிருமியைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சியை அது முழுவதும் வீணாக்கிவிடும்.

துவர்ப்பு செய்யும் வேலை

நம் ஊர்களில் பல்லுக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடிகளைப் பாருங்கள். ஆலம் விழுது, கருவேலம்பட்டை, கடுக்காய், மாசிக்காய், கொய்யாக் கொழுந்து என்று பெரும்பாலானவை துவர்ப்புச் சுவை உடையவை. துவர்ப்பைத் தருவது டானின் என்னும் வேதிப்பொருள். அது புரதத்தோடு இறுகப் பிணையும் தன்மையுடையது. வாயில் பட்டதும் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால்தான் நாக்கு இழுப்பதுபோல உணர்கிறோம். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் பயன்பட்டதற்கும் இதே பிணைப்புதான் காரணம்: தோலிலுள்ள புரதத்தோடு டானின் சேர்ந்து, அது அழுகாதபடி காக்கிறது.

வாயில் இதே செயல் வேறு வகையில் பயன்படுகிறது. டானினும் அதைப் போன்ற பிற பாலிஃபீனால்களும் கிருமியின் மேலுறைப் புரதங்களோடு பிணைந்து அதன் ஒட்டும் திறனைக் குறைக்கின்றன. பசையை உண்டாக்கும் நொதியின் வேலையையும் தடுக்கின்றன. கிருமியை முற்றிலும் கொல்லாவிட்டாலும், அது பல்லில் உறுதியாகக் குடியேறுவதைத் தாமதப்படுத்துவதே இவற்றின் முதன்மையான பயன் என்று நான் கருதுகிறேன். அப்படியானால் ஏற்கெனவே தடித்துப்போன படலத்தின் மேல் கஷாயத்தை ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. தூரிகையால் படலத்தை அகற்றிய பல்லின் மேல் படும்போதுதான் அது தன் வேலையை நன்றாகச் செய்யும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயை முழுக் காயாகவே வாங்குங்கள். தூளாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை மாதம் கிடந்தது என்று கண்டறிய இயலாது. நல்ல காய் கையில் எடுத்தால் கனமாக இருக்கும், நீரில் இட்டால் மூழ்கும், மேலே பூச்சி துளைத்த ஓட்டை இருக்காது. அதை உடைத்து உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட்டு, சுற்றியுள்ள சதைத் தோலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவ மரபும் கொட்டையை நீக்கியே கடுக்காயைப் பயன்படுத்தச் சொல்கிறது.

கருவேலம்பட்டையை மரத்திலிருந்து நேரடியாக எடுப்பவர்கள் மரத்தைச் சரியாக இனம் காண வேண்டும். இன்று சாலையோரங்களிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். அது வேறு இனம், இந்தப் பயன்பாட்டுக்கு உரியதன்று. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டைப் பந்தாக இருக்கும். காய் ஒவ்வொரு விதைக்கும் இடையே இடுங்கி, மணிமாலையைப் போலத் தோன்றும். முள் நீண்டு நேராக வெளுத்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளமான கதிராகத் தொங்கும். காய் இடுங்காமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். ஐயமிருந்தால் பட்டையைக் கடையில் வாங்குவதே நல்லது. சாலையோர மரத்தின் பட்டையில் வாகனப் புகையும் தூசியும் படிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குடிநீர் காய்ச்சும் முறை

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலையும் காய்ந்த கருவேலம்பட்டையையும் தனித்தனியே உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டுவது சிரமம். பெரிய துண்டுகளாக விட்டால் சாறு சரியாக இறங்காது. இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து, 200 மில்லி நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சிறு தீயில் ஏற்றி ஏறத்தாழ 100 மில்லியாக வற்றும் வரை காய்ச்ச வேண்டும். கொதி அடங்கியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராகவோ மண்சட்டியாகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் டானினும் இரும்பும் சேர்ந்து குடிநீர் மை போலக் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் கொண்டு மையே தயாரித்தார்கள். அப்படிக் கறுத்த நீரால் கொப்பளித்தால் பல்லில் கறை படியும், டானினில் ஒரு பகுதியும் இரும்போடு போய்விடும். சரியாகக் காய்ச்சிய குடிநீர் செம்பழுப்பாக, கட்டித் தேநீரின் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் துவர்ப்பு உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பட்டை பழையதாக இருக்கலாம்.

இதில் பதனப்பொருள் எதுவும் இல்லாததால் அன்றன்று காய்ச்சியதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மறுநாளுக்கு மேல் வைக்காதீர்கள். மேலே ஆடை போலப் படலம் கட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

கொப்பளிக்கும் முறையும் வேளையும்

இரண்டு தேக்கரண்டி அளவு, அதாவது 10 மில்லி குடிநீரை வாயில் எடுத்து, பற்களின் இடுக்குகளுக்குள் புகுமாறு கன்னங்களை அசைத்து ஒரு நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும். மறுபடியும் ஒருமுறை அவ்வாறே செய்யலாம். வாயில் ஊற்றி உடனே துப்பினால் பயன் மிகக் குறைவு, ஏனெனில் எந்தச் சாறும் கிருமியோடு சிறிது நேரமாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் செயல்படும். அதற்காகப் பத்து நிமிடம் வைத்திருப்பதும் கூடாது. கடுக்காயில் இயற்கையான அமிலங்கள் உள்ளன. நெடுநேரம் வைத்திருந்தால் நாம் காக்க விரும்பும் எனாமலே மென்மையாகும். துப்பியபின் வெறும் நீரால் ஒருமுறை வாயைக் கழுவிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் பல் துலக்காமல் இருப்பது பாதுகாப்பானது.

வேளையைப் பற்றிப் பலரும் கவனம் செலுத்துவதில்லை. இரவில் ஃப்ளோரைடு பற்பசையால் துலக்கிய உடனே கஷாயத்தால் கொப்பளித்தால், பல்லின் மேல் தங்கியிருந்து எனாமலை மீண்டும் உறுதியாக்க வேண்டிய ஃப்ளோரைடு அதோடு கழுவிக்கொண்டு போய்விடும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாயை நிறைய நீரால் கழுவாமலே உறங்கச் செல்வதுதான் பல் மருத்துவர்கள் இன்று தரும் அறிவுரை. எனவே குடிநீருக்கு மதிய உணவுக்குப் பிந்தைய வேளையையோ மாலைத் தேநீருக்குப் பிந்தைய வேளையையோ ஒதுக்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை போதும். டானின் நாளடைவில் தேநீரைப் போலவே பல்லில் பழுப்புக் கறையை விடக்கூடும் என்பதால், சில வாரங்கள் பயன்படுத்தியபின் சில வாரங்கள் நிறுத்துவது நல்லது.

வேப்பங்குச்சி

பென்சில் பருமனில், ஒரு சாண் நீளமுள்ள இளங்கிளையை ஒடித்து, நீரில் கழுவி, ஒரு முனையில் விரல் நக நீளத்துக்குப் பட்டையை உரித்துவிட்டு, அந்த முனையைக் கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். சிறிது நேரத்தில் கட்டை நார்நாராகப் பிரிந்து தூரிகை ஆகும். மெல்லும்போது இறங்கும் கசப்பு நீரே இங்கு மூலிகைச் சாறு. நார் மென்மையாகும் முன்பே தேய்க்கத் தொடங்குவதும், அறுப்பதுபோல இடவலமாக இழுப்பதும் ஈற்றைக் கிழித்து, நாளடைவில் ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளித்தெரியக் காரணமாகின்றன. வேர்ப்பகுதி எனாமலைவிட எளிதில் சொத்தையாகும். ஆகவே ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கி, மேற்பற்களுக்குக் கீழ்முகமாகவும் கீழ்ப்பற்களுக்கு மேல்முகமாகவும் தேய்க்க வேண்டும். பயன்படுத்திய முனையை அன்றே வெட்டி எறியுங்கள்.

குச்சியின் குறை அதன் நேரான வடிவத்தில் இருக்கிறது. முன்பற்களின் வெளிப்புறம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கடைவாய்ப் பற்களின் பின்புறத்துக்கும், நாக்கை ஒட்டிய உட்புறத்துக்கும், சொத்தை பெரும்பாலும் தொடங்கும் கடைவாய்ப் பற்களின் மேற்குழிகளுக்கும் அது சரியாகச் சென்று சேராது. காலையில் குச்சியை விரும்புபவர் இரவில் தூரிகையையும் பற்பசையையும் கைவிடாமல் இருந்தால் இந்தக் குறை தீரும்.

கொய்யா, கிராம்பு, பச்சைத் தேநீர், அதிமதுரம்

கடுக்காய் கிடைக்காதவர்கள் நான்கைந்து கொய்யாக் கொழுந்துகளை ஒரு டம்ளர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொப்பளிக்கலாம். மருந்து தெளிக்காத மரத்தின் இலையாக இருக்க வேண்டும். சர்க்கரை சேர்க்காத பச்சைத் தேநீரில் கேட்டிகின்கள் என்னும் பாலிஃபீனால்களும் சிறிதளவு ஃப்ளோரைடும் உள்ளன. சீன அதிமதுர வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிளிசிரைசால் என்னும் பொருள் மியூட்டன்ஸ் கிருமியைத் தடுப்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் கடைகளில் கிடைப்பது வேறு இனத்து அதிமதுரம். அதைத் தொடர்ந்து விழுங்குவது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் இரத்த அழுத்த நோயாளிகள் தவிர்க்க வேண்டும்.

கிராம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அது கிருமியைத் தடுப்பதோடு வலியையும் மரத்துப்போகச் செய்கிறது. இதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பல் மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். வலிக்கும் பல்லின் அருகே ஒரு முழுக் கிராம்பை மெல்லக் கடித்து வைத்துக்கொள்வதில் பெரியவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்து ஈற்றில் அழுத்தினால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அந்தச் சீசா இருக்கவே கூடாது. சிறு குழந்தைகள் சில மில்லி அளவு விழுங்கியதால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வேப்பெண்ணெயும் அவ்வாறே. குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுத்ததால் நேர்ந்த கடும் நச்சுப் பாதிப்புகள் மலேசியாவில் 1980-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்யப்பட்டன.

பல்பொடியாகப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

மூலிகைகளைத் தூளாக்கித் தேய்ப்பதானால் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்த மென்தூளை மட்டுமே பயன்படுத்துங்கள். இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கையில் மணல் போல நெருடினால் அது எனாமலையும் தேய்க்கும். அடுப்புக்கரி, செங்கல் தூள், பரல் உப்பு ஆகியவற்றைச் சேர்ப்பதால் பல் வெளுப்பதுபோலத் தெரிவது மேற்பரப்பு சுரண்டப்படுவதால்தான். தூளில் ஈரம் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையைச் சீசாவுக்குள் விடாதீர்கள். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ஆம் ஆண்டில் தடைசெய்தது. பெயர் எழுதாத உறையில் விற்கும் கறுப்புப் பொடியைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெற்றிலைக்குக் கிருமித் தடுப்பு ஆற்றல் உண்டு என்று சொல்லிப் பாக்கையும் சேர்த்து மெல்லுபவர்கள், பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டிருப்பதை அறிய வேண்டும்.

ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது

"இந்த இலைச்சாறு சொத்தைக் கிருமியைக் கொல்கிறது" என்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு கண்ணாடித் தட்டு. அகர் என்னும் கூழில் கிருமியைப் பரப்பி, அதில் சிறு குழிகள் வெட்டி, எத்தனால் போன்ற கரைப்பானில் இறக்கிய அடர்சாற்றை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்துக் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். இது பயனுள்ள முதல் படி. ஆனால் தட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைக் கிருமி, அதுவும் பசைக் கவசம் இல்லாமல். அங்கே உமிழ்நீர் இல்லை. சாறோ நாம் நீரில் காய்ச்சுவதைவிடப் பல மடங்கு செறிவானது. வாயில் எந்தத் திரவமும் சில நிமிடங்களில் உமிழ்நீரால் அடித்துச் செல்லப்படுகிறது. மருத்துவர்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் என்னும் கொப்பளிப்பு மருந்து பல்லிலும் ஈற்றிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சிறுகச் சிறுக வெளிப்படுவதால்தான் அது இத்துறையில் ஒப்பீட்டுக்குரிய அளவுகோலாக நிற்கிறது. அதற்கும் கறை, சுவை மாற்றம் என்ற குறைகள் உண்டு என்பதாலேயே கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா போன்றவற்றை அதனோடு ஒப்பிட்டு மனிதர்களிடம் ஆய்வுகள் நடக்கின்றன. படலத்தையும் கிருமி எண்ணிக்கையையும் திரிபலா குறைப்பதாக அவற்றுள் சில காட்டியுள்ளன. ஆனால் எண்ணிக்கை குறைவது ஒன்று, ஆண்டுக்கணக்கில் புதிய சொத்தை விழாமல் இருப்பது வேறொன்று. செய்தியைப் படிக்கும்போது எது அளக்கப்பட்டது என்று பாருங்கள்.

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. வட அமெரிக்காவின் பிளட்ரூட் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த சாங்குவினாரின், கிருமித் தடுப்பானாக அங்கே பற்பசையிலும் வாய் கொப்பளிப்பு நீரிலும் சேர்க்கப்பட்டு விற்பனையானது. அவற்றை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களின் வாயில் லூக்கோபிளேக்கியா என்னும் வெண்திட்டுகள் காணப்பட்டபின் அது கைவிடப்பட்டது. நம் தரிசுகளில் முளைக்கும் பிரம்மதண்டின் விதையிலும் அதே வேதிப்பொருள் இருப்பதால், அந்தச் செடியைப் பல்லுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

யார் தவிர்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

விழுங்காமல் துப்பத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு, பொதுவாக ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்தக் கொப்பளிப்பு நீரும் வேண்டாம். மூன்று வயது வரை அரிசி அளவும், அதற்குமேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃப்ளோரைடு பற்பசை எடுத்துப் பெற்றோரே துலக்கிவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர் குழந்தைகளுக்கான பற்பசையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். கருவுற்றிருப்பவர்களும் தொடர்ந்து மருந்து உண்பவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். வாயில் எரிச்சல், புண், உதட்டு வீக்கம் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, பல்லைத் துணியால் ஒற்றி உலர்த்திப் பாருங்கள். ஈற்றோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிய வெண்புள்ளி தெரிந்தால், அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அந்த நிலையில் ஃப்ளோரைடும் சர்க்கரைக் குறைப்பும் துப்புரவும் சேர்ந்து பல்லை மீட்க முடியும், குடிநீரும் உடன் உதவும். புள்ளி குழியாகி, உணவு சிக்கத் தொடங்கிவிட்டால் எந்த மூலிகையும் அதை மூடாது. அப்போதே அடைத்துக்கொண்டால் சிறு செலவில் முடியும் வேலை, தள்ளிப்போட்டால் வேர்ச் சிகிச்சை வரை போகும். இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி திடீரென்று தானாக நின்றுவிட்டால், பல் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளிருக்கும் நரம்பு இறந்து, தொற்று வேருக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் கஷாயம், கிராம்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மணி நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.